குறுவட்டம் ‘பாதுகாப்பானது’, கிணறு மட்டும் ஏன் கெட்டது?

பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வந்த கேள்வி இது. “ஐயா, எங்கள் குறுவட்டம் அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டில் ‘பாதுகாப்பானது’ என்று இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஆலை கொடுக்கும் அரையாண்டு அறிக்கையிலும் எல்லாம் அளவுக்குள் என்றே போட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோறு மஞ்சளாகிறது, தென்னை ஓலை நுனி கருகுகிறது. இரண்டு அறிக்கையும் பொய்யா?”

நிலத்தடி நீர்த் தரவுகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். உங்கள் கிணறும் கெட்டிருக்கலாம். எப்படி என்று புரிந்துகொண்டால்தான் யாரிடம் போய் எதைக் கேட்பது என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் ‘பாதுகாப்பானது’ என்ற சொல். அது முழுக்க முழுக்க அளவைப் பற்றியது. ஓர் ஆண்டில் மழை, ஏரி, வாய்க்கால், பாசனம் வழியாகப் பூமிக்குள் இறங்கும் நீரைக் கணக்கிட்டு, இயற்கையாக வெளியேறிப் போகும் ஒரு பங்கைக் கழித்தால் எடுக்கத்தக்க நீர் கிடைக்கும். அதில் எத்தனை சதவீதத்தை இறைக்கிறோம் என்பதுதான் கேள்வி. 70 சதவீதம் வரை ‘பாதுகாப்பானது’. 70 முதல் 90 வரை ‘ஓரளவு அபாயம்’, 90 முதல் 100 வரை ‘அபாயம்’, 100ஐத் தாண்டினால் ‘மிகை நுகர்வு’. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைக் குறுவட்டம், அதாவது பிர்கா, வாரியாகப் போடுகிறார்கள். 2017 மதிப்பீட்டில் 1166 குறுவட்டங்களில் 462 மிகை நுகர்வு, 427 பாதுகாப்பானவை, 35 உவர்நீர்ப் பகுதி. 2022இல் மிகை நுகர்வு 360ஆகக் குறைந்து, பாதுகாப்பானவை 463ஆக உயர்ந்தன. நடுவில் நல்ல மழை பெய்த வருடங்கள் உண்டு.

இந்தச் சதவீதத்தின் மேல் பாதி, அதாவது இறைக்கும் நீர், யாரும் அளந்து எழுதியதல்ல. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். தண்ணீருக்கும் மீட்டர் கிடையாது. கிணறுகளின் எண்ணிக்கையை எடுத்து, ஒரு கிணறு சராசரியாக இவ்வளவு இறைக்கும் என்று பெருக்கிப் போடுவதுதான் வழக்கம். தவறு என்று சொல்ல மாட்டேன், வேறு வழியும் எளிதாக இல்லை. ஆனால் மூன்றாம் தசமஸ்தானம் வரை அச்சிட்டிருப்பதைப் பார்த்து யாரோ குடம் குடமாக எண்ணியதாக நினைத்துவிட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஒரு ஊரில் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். என்ன செய்வார்கள்? நெல்லை விடுவார்கள், பிறகு தென்னையை விடுவார்கள், கடைசியில் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கிணறு இறைப்பது நின்றுவிடும். இறைப்பு குறைந்தால் சதவீதம் குறையும். நேற்று 95 சதவீதத்தில் ‘அபாயம்’ என்று இருந்த இடம், தண்ணீரை யாரும் தொடாத காரணத்தாலேயே 65க்கு இறங்கிப் ‘பாதுகாப்பானது’ ஆகிவிடலாம். நீர்மட்டமும் ஏறும். கழிவுநீர் ஊறினாலும் ஏறும். அளக்கிற கயிற்றுக்கு மழைநீர் எது, சாயநீர் எது என்று தெரியாது. அளவுக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது நல்ல செய்தி. கிணற்றுக்காரருக்குச் சாவுச் செய்தி.

தரத்தை அந்தக் கணக்கு கவனிக்கவே இல்லையா என்றால், கவனிக்கிறது, ஆனால் ஒரு எல்லைக்குள். இப்போது நடப்பில் இருக்கும் 2015 முறையியலின்படி ஒரு பகுதியின் பெயரோடு தரக்குறை முத்திரை குத்துவது மூன்றே விஷயங்களுக்கு: உவர்ப்பு, ஃபுளோரைடு, ஆர்சனிக். குரோமியத்துக்கு முத்திரை கிடையாது. நைட்ரேட்டுக்கும் கிடையாது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலைக்குப் பின்னால் லட்சக்கணக்கான டன் கழிவு மேடாகக் குவிந்ததும், அதிலிருந்து குரோமியம் நிலத்தடியில் இறங்கியதும் ஊரறிந்த சேதி. அந்த மாதிரி நஞ்சு ஒரு குறுவட்டத்தில் ஒரு மூலையில் இருந்தாலும், இந்தப் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

இன்னொன்று, பாறை. பாலாற்று மணலில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 160 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். அதே ஒரு மீட்டர், கரையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் களிமண் கலந்த மக்கிய பாறையில் இறங்கினால் 15 லிட்டர்தான். மக்கிய பாறையில் இருப்பே அவ்வளவு கொஞ்சம். சின்ன இருப்பில் விழும் அழுக்கு கரைந்து நீர்த்துப் போக இடமில்லை. ஆற்றோரக் கிணறு நன்றாக இருக்கும்போதே மேட்டுக்காட்டுக் கிணறு நாறுவதற்கு இது ஒரு காரணம். குறுவட்டச் சராசரியில் இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

சரி, ஆலையின் அறிக்கைக்கு வருவோம். ‘எல்லாம் அளவுக்குள்’ என்று படித்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த அளவுக்குள்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஆலை வெளியேற்றும் கழிவுநீருக்கான பொதுத் தரத்தில் அதுவே 2 மில்லிகிராம். நாற்பது மடங்கு. கரைந்த உப்புகளுக்குக் குடிநீரில் 500 ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம், கழிவுநீருக்கு 2100. கண்காணிப்புக் கிணற்றின் முடிவைக் கழிவுநீர்த் தரத்தோடு ஒப்பிட்டு ‘அளவுக்குள்’ என்று போட்டிருந்தால், அது குடிக்கிற உங்களுக்கான பதிலே அல்ல. அட்டவணையின் கடைசிப் பத்தியில் எந்தத் தரம் என்று சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

அடுத்து ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்ற வரி. இதைச் சுழியம் என்று படிப்பது பெரும் தவறு. ஆய்வுக்கூடத்தின் கருவி 0.1 மில்லிகிராமுக்குக் கீழ் எதையும் பார்க்க முடியாது என்றால், வரம்போ 0.05 என்றால், அந்த வரி நமக்கு எதையும் சொல்லவில்லை. எவ்வளவு வரை கண்டறியும் கருவி என்று எழுதாத அறிக்கையை நான் ஏற்றுக்கொண்டதில்லை. தண்ணீர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவதற்குள் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம், வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். உங்கள் சோறு மஞ்சளாவதற்கு அதைக் காரணமாக உடனே நினைத்துப் பயந்துவிட வேண்டாம்; காரத்தன்மை அதிகமான தண்ணீரிலும் சோறு மஞ்சளாகும். பருப்பு வேகாதது கடினத்தன்மை. சோதனை செய்யாமல் சமையலறையை வைத்து நஞ்சைத் தீர்மானிக்க முடியாது.

எந்தக் கிணறு என்பதுதான் அடுத்தது. என் அனுபவத்தில் பாதி விவகாரம் இங்கேதான் இருக்கிறது. ஆலை வளாகத்தில் 250 அடிக்கு ஒரு போர் போட்டு, மேலே 60 அடிக்குக் கேசிங் குழாய் இறக்கி மேல்நீரை அடைத்து, அதிலிருந்து தண்ணீர் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். உங்கள் கிணறோ 40 அடி. அழுக்கு நடமாடுவது மேலே மக்கிய பாறையில். போர் குடிப்பது கீழே வெடிப்புகளில் இருக்கும் பழைய நீரை. ஆய்வு நேர்மையாகவே நடக்கலாம், முடிவும் நன்றாகவே வரலாம்.

அந்தப் போர் வளாகத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். நிலத்தடி நீரும் பள்ளம் நோக்கித்தான் போகும், மெதுவாக. கழிவுக் குட்டைக்கு மேட்டுப் பக்கம் போரை வைத்தால் நூறு வருடம் ஆனாலும் சுத்தமாகவே காட்டும். அமெரிக்காவில் அபாயக் கழிவுக் கிடங்குகளுக்கு ஒரு விதி உண்டு: மேட்டுப் பக்கம் குறைந்தது ஒரு கிணறு, பள்ளத்துப் பக்கம் குறைந்தது மூன்று. மேட்டுக் கிணற்றோடு ஒப்பிட்டால்தான் பள்ளத்துக் கிணற்றில் கூடியது எவ்வளவு என்று தெரியும். நம் நாட்டில் மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டுதலில் பீசோமீட்டர், அதாவது நீர்மட்டம் பார்க்கும் கண்காணிப்புக் கிணறு, பம்பு போடும் போரிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அது நீர்மட்டம் அளப்பதற்கு ஏற்ற தூரம். அழுக்கைப் பிடிப்பதற்குத் தூரம் போதாது, திசை வேண்டும்.

திசையை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆலையைச் சுற்றி ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாள் காலையில், மோட்டார் ஓடுவதற்கு முன், கயிற்றில் கல் கட்டி ஒவ்வொன்றிலும் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். கிணற்று மேட்டின் உயரத்தை லெவல் கருவி வைத்திருக்கும் ஒரு சர்வேயரைக் கொண்டு எடுத்துவிடுங்கள். உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் கிடைக்கும். அதை ஊர் வரைபடத்தில் குறித்தால் நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துவிடும். நிலம் சரியும் திசைக்கே பெரும்பாலும் நீரும் சரியும், ஆனால் ஒரு பெரிய பம்பு ராப்பகலாக ஓடினால் திசையையே திருப்பிவிடும். அதனால் ஒரு தடவை சித்திரையில், ஒரு தடவை மழை முடிந்து தை மாதத்தில் அளக்க வேண்டும்.

மாதம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், மழைக்குப் பின் இறங்கும் என்பது பொது விதி. கழிவுமேடு பக்கத்தில் இருந்தால் இது தலைகீழாகலாம்: மேட்டின் மேல் பெய்த மழை நஞ்சைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஐப்பசி கார்த்திகைக்குப் பிறகுதான் அளவு எகிறும். ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் எப்போதும் மே மாதத்தில் மாதிரி எடுத்தால் அது சிக்காது. ஒரு கிணற்றின் பல வருட எண்களைத் தேதியோடு கேளுங்கள்; தேதி இல்லாத எண் எனக்கு எண்ணே அல்ல.

மாதிரி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. போரில் நின்ற தண்ணீரை எடுத்தால் அது குழாய்க்குள் கிடந்த பழைய தண்ணீர். ஆறு அங்குல போரில் 30 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் உள்ளே சுமார் 530 லிட்டர் இருக்கும். அதைப் போல மூன்று மடங்கு, அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றரை நிறையும் அளவு, ஓடவிட்ட பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். மின்கடத்துதிறனையும் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) கார அமிலநிலையையும் (pH) அங்கேயே அளந்து எழுத வேண்டும். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சொட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆய்வில் குறைவாகக் காட்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் அமிலமே விடக்கூடாது. தனிப் பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வு. ஒரே கேனில் பிடித்து இரண்டு நாள் கழித்துப் பேருந்தில் அனுப்பியதற்கெல்லாம் அறிக்கை வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியாது.

அறிக்கை கையில் கிடைத்தால், வேதியியல் படிக்காதவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மின்கடத்துதிறன் எண்ணை 0.65ஆல் பெருக்குங்கள், கரைந்த உப்பின் எண் ஏறத்தாழ அங்கே வர வேண்டும். மின்கடத்துதிறன் 3200, உப்பு 900 என்று இருந்தால் இரண்டில் ஒன்று தப்பு, ஏனெனில் 2000க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். படித்த பிள்ளைகள் இருந்தால் நேர் அயனிகளையும் எதிர் அயனிகளையும் சமானத்துக்கு மாற்றிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஆய்வில் இரண்டும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துவரும். ஜூன் அறிக்கையின் எண்கள் டிசம்பர் அறிக்கையில் அச்சு மாறாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தண்ணீர் அப்படி ஒரே இடத்தில் நிற்காது.

இனி, எதை யாரிடம் கேட்பது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் ‘நீரோடை’ என்று வரையறுக்கும் இடத்தில் நிலத்தடி நீரையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் ‘நாங்கள் ஆற்றில் விடவில்லை’ என்பது பதில் ஆகாது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை, அதாவது கழிவுநீர் விட ஆலைக்குத் தரும் அனுமதி, அதன் நிபந்தனைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர் அதைப் பார்க்கலாம். இது தெரிந்து போய்க் கேட்பவர்கள் குறைவு. ஆலை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் செப்டம்பர் 30க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை கொடுக்க வேண்டும், படிவம் ஐந்து என்பார்கள். அதில் நாளொன்றுக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் எடுத்தார்கள் என்றும் எவ்வளவு மாசு வெளியேறியது என்றும் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமாக இருந்தால் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு அறிக்கை. அது பொது ஆவணம் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதுங்கள், முப்பது நாள்.

தமிழ்நாட்டில் தண்ணீர் எடுப்பதற்கான அனுமதியை மத்திய ஆணையம் தருவதில்லை. 2014இல் பொதுப்பணித் துறை போட்ட அரசாணைப்படி மாநிலமே தருகிறது. நிலத்தடி நீருக்கென்று 2003இல் ஒரு சட்டம் இயற்றினார்கள், நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. சென்னைக்கு மட்டும் 1987 சட்டம் உண்டு. ஆகவே உங்கள் மனு அளவு என்றால் நீர்வளத் துறைக்கு, தரம் என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, குடிநீர்க் கிணறு என்றால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு. மூன்றுக்கும் ஒரே மனுவை அனுப்பினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் மேசையைக் காட்டுவார். மூன்று தனி மனு, மூன்று தனிக் கேள்வி.

நீங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும் தண்ணீர் சாட்சியாகுமா என்றும் கேட்பீர்கள். ஆலைக் கழிவுநீர் மாதிரி நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால், வாரிய அலுவலர் ஆலைக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டு எடுத்ததாக இருக்க வேண்டும் என்று 1974 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பாட்டில் அந்த இடத்தைப் பிடிக்காது. ஆனால் அவர்களை வரவழைக்க அதுதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்திலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்திலோ கட்டணம் கட்டிக் கொடுத்து, முடிவை மனுவோடு இணையுங்கள்.

ஒரு கிணற்றை வைத்து மட்டும் போகாதீர்கள். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பாருங்கள். அதில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு ஒன்று இப்படி: திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன. ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாக எண்ணியது. 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வும் அதே தீர்ப்பில் வருகிறது. குறுவட்டச் சதவீதத்தை எதிர்த்து வாதாட ஒரு கிணறு போதாது. நாற்பது கிணறு, ஒரே வாரத்தில், ஒரே கருவியால் அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஆலையை நோக்கி எண்கள் ஏறுகின்றனவா என்று யாரும் விளக்காமலே தெரியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற உப்புமானி இதற்குப் போதும். அது கரைந்த உப்பை மட்டும் காட்டும். குரோமியம், ஃபுளோரைடு, நைட்ரேட் தனியாக எவ்வளவு என்று சொல்லாது. உப்பு அதிகமாகக் காட்டும் ஐந்து கிணற்றையும் மேட்டுப் பக்கம் ஒன்றையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள், செலவு அடங்கும்.

முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதால் பயனில்லை. கிருமி சாகும், உப்பும் உலோகமும் நைட்ரேட்டும் ஆவியாகாமல் கொஞ்சம் கூடவே செறியும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டில் ஆர்.ஓ. வைத்திருந்தால், அதிலிருந்து ஒழுகும் கழிவுக் குழாயைக் கிணற்றடியில் விட்டிருக்கிறீர்களா என்று இன்றே போய்ப் பாருங்கள். நிறைய வீட்டில் அங்கேதான் விட்டிருப்பார்கள்.